முத்திரையிட்ட நீர்

நம் காலனியில் இல்லந்தோறும் வந்திறங்கும் 20 லிட்டர் கேன்களில் உள்ள நீரை நாம் 'மினரல் வாட்டர்' என்று வழங்குகிறோம். பஞ்சாபி அண்டை வீட்டாரோ, எந்தக் கம்பெனியின் நீராயினும் அதனைப் 'பிஸ்லேரி' என்றே அழைப்பர். இரண்டு பெயர்களும் பொருந்தாதவை. மினரல் வாட்டர் எனப்படுவது, நிலத்தடி ஊற்றினின்று எடுத்து, இயற்கையாக அதில் கரைந்துள்ள தாதுக்களுடன் மாற்றமின்றி அடைக்கப்படும் நீர். நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீர். அதனை வடிகட்டி, தாதுக்களில் பெரும்பகுதியை நீக்கி, கிருமிகளைக் கொன்று அடைக்கிறார்கள். இந்தியத் தர ஏடுகளில் முன்னதற்கு 13428 என்றும் பின்னதற்கு 14543 என்றும் வெவ்வேறு எண்கள் உண்டு.

பெயர் எதுவானால் என்ன, நீர் நன்றாக இருந்தால் போதாதா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆயின், நன்றாக இருக்கிறது என்று நமக்குச் சொன்னவர் யார் என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். நாவுக்கு அது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் நீரைச் சாடியிலும் புட்டியிலும் அடைத்து விற்று வருகிறான். அவ்வரலாற்றில் அடைத்த நீரில் நஞ்சு புகுந்த கதைகள் பல. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலனாயிற்று. நஞ்சு ஊற்றிலிருந்து வந்ததினும், நீரைத் திருத்தப் புகுந்த மனிதனின் எந்திரத்திலிருந்தும் கலத்திலிருந்தும் மருந்திலிருந்தும் வந்ததே மிகுதி. அதனைக் கண்டுபிடித்தவரும் பெரும்பாலும் விற்றவர் அல்லர். வெளியில் நின்று சோதித்தவரே.

ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் ஸ்பா, பிரான்சின் விஷி, ஜெர்மனியின் செல்ட்டர்ஸ் முதலிய ஊர்கள் தம் ஊற்று நீரால் பெயர் பெற்றவை. செல்வர்கள் அங்குச் சென்று தங்கி, மருத்துவர் சொன்ன அளவில் நீரைப் பருகினர். போக இயலாதவர்களுக்குச் சுட்ட மண் சாடிகளில் நீர் அடைத்து அனுப்பப்பட்டது. இரும்பும் கந்தகமும் கலந்த அந்நீர் சுவைக்கு இனியதன்று. எனினும், குமட்டக் குமட்டக் குடித்தால்தான் குணம் என்னும் நம்பிக்கை நம் பாட்டிமார்களின் கஷாயத்தோடு நின்றுவிடவில்லை என்பது தெரிகிறது.

ஊற்றுக்குப் போகாமலேயே ஊற்று நீரைச் செய்யலாம் என்று காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார். லீட்ஸ் நகரில் அவர் வீட்டுக்கு அண்மையில் ஒரு பீர் வடிக்கும் ஆலை இருந்தது. நொதிக்கும் தொட்டியின் மேல் தேங்கி நிற்கும் வாயுவை நீரில் கரைத்தால் அது குமிழியிடும் இன்சுவை நீராவதைக் கண்டு, அதன் செய்முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். கப்பலோட்டிகளைப் பீடித்த ஸ்கர்வி நோய் இதனால் தீரும் என்று அவர் நம்பினார். நோய் தீரவில்லை; சோடா பிறந்தது. ஜெனிவாவில் கடிகாரத் தொழில் செய்துவந்த ஜேக்கப் ஷ்வெப் என்பார் 1783இல் இதனை எந்திரத்தால் செய்து விற்கத் தொடங்கி, 1792இல் இலண்டனுக்குச் சென்று கடை வைத்தார்.

சோடாவோடு முதல் நஞ்சும் வந்தது. கரியமில வாயு கரைந்த நீர் சற்றே புளிப்புத்தன்மை உடையது; அது ஈயத்தைக் கரைக்கும். அக்காலச் சோடா எந்திரங்களின் குழாய்களிலும் இணைப்புகளிலும், பீய்ச்சும் புட்டிகளின் தலைப்புகளிலும் ஈயம் கலந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உணவுக் கலப்படத்தை ஆராயத் தொடங்கிய பிரிட்டிஷ் இரசாயனிகள், நோயாளிக்கு நலம் தரும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சோடாவில் ஈயத்தைக் கண்டனர். பின்னரே குழாய்களுக்கு உட்புறம் வெள்ளீயம் பூசும் முறை பரவியது. நம் முன்னோர் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் பெயரளவிலேயே பிரித்து வைத்தனர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில், நஞ்சாவது காரீயம். வாணிகன் மலிவு கருதி ஒன்றில் மற்றதைக் கலந்தால் நாவால் அறிய வழியில்லை.

அடுத்து வருவது மிகக் கொடிய கதை. 1903இல் ஜே. ஜே. தாம்சன் என்னும் விஞ்ஞானி கிணற்று நீரில் கதிரியக்க வாயு இருப்பதைக் கண்டறிந்தார். புகழ்பெற்ற ஊற்றுகள் பலவற்றிலும் அது உண்டு என்பது விரைவில் தெரியவந்தது. 'ஊற்று நீரின் மர்மம் இதுவே. உடலுக்கு வீரியம் தருவது கதிரியக்கமே' என்று பலர் முடிவு கட்டினர். கதிரியக்கத் தாது பூசிய சாடிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் பருக வேண்டும். அந்நாட்டு மருத்துவச் சங்கமும் சாடிகளைச் சோதித்தது. எதற்காக? போதிய கதிரியக்கம் தராத சாடிகளைப் போலி என்று ஒதுக்குவதற்காக! சோதனை என்ற ஒன்று நடந்தால் மட்டும் போதாது, எதனைத் தேடிச் சோதிக்கிறார்கள் என்பதே முக்கியம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை யான் காணவில்லை.

நியூ ஜெர்சியில் வில்லியம் பெய்லி என்பவர் 1925 முதல் 'ராடித்தார்' என்னும் நீரைச் சிறு புட்டிகளில் அடைத்து, ஒன்று ஒரு டாலர் விலைக்கு விற்றார். ஒரு புட்டி ஏறத்தாழ 15 மில்லி லிட்டர். 'சான்றளிக்கப்பட்ட கதிரியக்க நீர்' என்று அதன் மேல் அச்சிடப்பட்டிருந்தது. அச்சான்று பொய்யன்று, உள்ளே உண்மையாகவே ரேடியம் இருந்தது. போலி நீர் வாங்கிய ஏழைகள் பிழைத்தனர். அசல் வாங்கிய செல்வர் மாண்டனர் என்றுதான் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் நகரத்து எஃகுத் தொழிலதிபரும், 1906இல் அமெரிக்க அமெச்சூர் கோல்ஃப் பட்டம் வென்றவருமான ஈபன் பையர்ஸ், 1927இல் கையில் ஏற்பட்ட காயத்துக்காக மருத்துவர் சொற்படி இதனைப் பருகத் தொடங்கினார். ஏறத்தாழ 1,400 புட்டிகள் பருகினார். ரேடியம் சுண்ணாம்பைப் போன்று எலும்பில் சென்று தங்குவது. அவருடைய தாடை எலும்பு கரைந்தது. மண்டையோட்டிலும் துளைகள் விழுந்தன. 1931 டிசம்பரில் அமெரிக்க வாணிப ஆணையம் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. 1932 மார்ச் 31ஆம் நாள் பையர்ஸ் இறந்தார். காரீயத் தகடு பதித்த பெட்டியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காலராவுக்கு அஞ்சிய வெள்ளையர் இங்கு வந்த நாள் முதல் நாட்டு நீரை ஐயுற்றுச் சோடாவையே நாடினர். ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் உரிமை பெற்ற, கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த புட்டி இந்நாட்டில் ஊர் ஊராகப் பரவியது. நம் ஊர்களில் அது கோலி சோடா, டில்லியில் பண்டா. வாயுவின் அழுத்தத்தாலேயே கோலி வாயை அடைத்துக்கொள்ளும் அமைப்பு மிகச் சாமர்த்தியமானது. ஆனால் அக்குறுகிய கழுத்துக்குள் தூரிகை விட்டுக் கழுவிய கடைக்காரர் எத்தனை பேர்?

இரயில் நிலையங்களின் நீர் வரலாறு தனியே எழுதத் தக்கது. சுதந்திரத்துக்கு முன் வடநாட்டு நிலையங்களில் 'இந்து பானி', 'முஸல்மான் பானி' என்று இரு கூவல்கள் கேட்குமாம். தண்ணீர் தருபவரின் சாதியை விசாரித்த பயணிகள், தண்ணீர் எடுத்த கிணற்றை விசாரித்தாரில்லை. ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்னும் விஞ்ஞானி 1890களில் கிணறுகளில் பெர்மாங்கனேட் உப்பைக் கரைத்துக் காலராக் கிருமியை ஒழிக்கும் முறையைப் பரப்பினார். ஊதா நிறத்தில் கிடந்த அக்கிணற்று நீர் எந்தச் சாதியார் முகந்தாலும் ஒரே வண்ணந்தான்.

புட்டி நீரைக் குறை சொல்வோர், குழாய் நீரின் குற்றத்தையும் மறைத்தல் கூடாது. இத்தலைநகரில் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் பரவிய மஞ்சட்காமாலை, உலக மருத்துவ நூல்களில் இடம் பெற்றுவிட்டது. யமுனை தன் போக்கில் சற்று விலகியபோது, நஜஃப்கர் வடிகாலின் கழிவு நீர் வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்திற்குப் புகுந்தது. குளோரின் அதிகமாகச் சேர்த்தனர். அதனால் டைபாய்டு முதலியன பெருகவில்லை. ஆயின் காமாலைக் கிருமி தப்பிப் புகுந்தது. ஏறத்தாழ 29,300 பேர் காமாலையுற்றனர். அது இன்று ஹெபடைடிஸ்-இ எனப்படும் நோய் என்பது பல ஆண்டுகள் கழித்தே அறியப்பட்டது. மீண்டும் 1988இல் யமுனைக்கு அப்பாலுள்ள குடியிருப்புகளில், அடிகுழாய் நீரில் கழிவு கலந்து காலரா பலரைக் கொண்டுபோயிற்று. நம் காலனியின் மூத்தோர் பலர் அந்நாட்களை அறிவர். ஆகவே காசு கொடுத்து நீர் வாங்குவதை வெறும் ஆடம்பரம் என்று யான் எள்ளமாட்டேன். அதன் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. அவ்வச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது.

ஆனால் முதலில் வந்தது ஆடம்பரத்தின் பொருட்டே. இரும்பும் கொய்னாவும் கலந்த மருந்து செய்த ஃபெலீச்சே பிஸ்லேரி என்னும் இத்தாலியரின் பெயரால், 1965இல் தாணாவில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த அந்நீரைப் பெரிய ஓட்டல்களில் வெளிநாட்டார் வாங்கினர். தண்ணீருக்கு விலையா என்று மற்றவர் நகைத்தனர். 1969இல் பார்லே கம்பெனியார் அதனை 4 இலட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொண்டனர். கண்ணாடி போய்ப் பிளாஸ்டிக் வந்த பின்னரே புட்டி நீர் சாதாரணப் பயணியின் கைக்கும் எட்டியது. கூஜாவும் மண் சுராகியும் இரயில் பெட்டியினின்று மறைந்த காலமும் அதுவே.

ஈண்டு என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்ஸ் அலுவலகத்தில் யாங்கள் எழுதும் இரயில்வே இரசீதில், பார்சல்காரர் தாமே ஏற்றிய சரக்குக்கு 'செட் டு கன்டெய்ன்' என்று குறிப்பதுண்டு. 'உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்பது பொருள். சர்க்கரை என்று அவர் சொன்னார், யாம் திறந்து பார்க்கவில்லை என்பதே அதன் தாற்பரியம். வாகனின் சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தால், வழியில் ஒருவரும் திறக்கவில்லை என்றுதான் அறியலாம். உள்ளே ஏற்றப்பட்டது எது என்று சீல் சொல்லாது. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகும்போது கேட்கும் 'கிறுக்' என்ற ஓசையும் அவ்வளவே சொல்கிறது. அதற்கு மேல் நாம்தாம் கற்பித்துக்கொள்கிறோம்.

இதனை உலகுக்கே உணர்த்தியது பெர்ரியே நீர். தென் பிரான்சில் வெர்ஜேஸ் என்னும் ஊரின் ஊற்று நீர் இது. டாக்டர் பெர்ரியே என்பவரிடமிருந்து 1903இல் இதனை வாங்கிய ஹார்ம்ஸ்வர்த் என்னும் ஆங்கிலேயர், மோட்டார் விபத்தில் முடங்கிய பின் உடற்பயிற்சிக்காக நம் நாட்டுக் கர்லாக்கட்டையைச் சுழற்றி வந்தார். அக்கட்டையின் வடிவிலேயே பச்சைப் புட்டியும் அமைந்ததாம். உலகத்தின் பெருந்தனக்காரர் மேசைகளில் எல்லாம் நம் மல்லர்களின் கர்லாக்கட்டை நிற்கிறது!

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் ஒரு மாவட்டச் சோதனைச்சாலை, வேறு நீர்களைச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய தூய நீராகவே பெர்ரியேயைப் பயன்படுத்தி வந்தது. அளவுகோலாக வைத்த பொருளே பழுதுற்றது. பென்சீன் என்னும், புற்றுநோய் விளைக்கும் இரசாயனத்தின் அறிகுறி அதில் தென்பட்டது. 1990 பிப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. நூறு கோடிப் பங்கு நீரில் பென்சீன் 5 பங்குக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. புட்டிகளிலோ 12 முதல் 20 பங்கு வரை இருந்தது. தொழிலாளி ஒருவர் எந்திரத்தைத் துடைத்த திரவத்தால் நேர்ந்த பிழை என்று கம்பெனியார் முதலில் சமாதானம் சொன்னார்கள். பிற நாடுகளின் புட்டிகளிலும் பென்சீன் தென்படவே, அச்சமாதானம் நிற்கவில்லை. உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 16 கோடிப் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

உண்மைக் காரணம் வேறு. நிலத்தடியில் ஊற்றோடு எழும் வாயுவில் பென்சீன் இயற்கையாகவே சிறிதளவு உண்டு. வாயுவைத் தனியே எடுத்து, கரி வடிகட்டியில் செலுத்தித் தூய்மை செய்து, பின்னர் நீரில் கலந்தார்கள். அவ்வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றவில்லை. அவ்வளவுதான்! ஆனால் இவ்விளக்கத்தால் இன்னொன்று அம்பலமாயிற்று. ஊற்றிலிருந்து குமிழிகளோடு அப்படியே வருவதாக விளம்பரப்படுத்தப்பட்ட நீரில், நீர் வேறாகவும் வாயு வேறாகவும் எடுக்கப்பட்டுக் கலக்கப்பட்டன என்பதே அது. அமெரிக்க அரசு புட்டி மேலிருந்த அவ்வாசகத்தை எடுக்கச் செய்தது. நஞ்சின் அளவு சிறிது. ஓரிரு புட்டி பருகியவருக்குத் தீங்கு நேர்ந்திராது. நம்பிக்கைக்கு நேர்ந்த தீங்கோ பெரிது.

ஊற்றே குற்றமற்றது என்றும் கொள்ளற்க. ஆர்மீனியாவின் ஜெர்முக் ஊற்று நீரில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கலாம் என்று விதித்த ஆர்செனிக், 500க்கு மேல் இருக்கக் கண்டு 2007இல் அமெரிக்க அரசு மக்களை எச்சரித்தது. ஊற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருப்பின், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வழக்கமாகப் பருகுதற்கு உரியதன்று என்று புட்டியில் அச்சிட வேண்டும் என 2003இல் ஐரோப்பியர் விதி செய்தனர். 'இயற்கை' என்னும் சொல்லில் மயங்குவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

அதே 2003இல்தான் நம் டில்லியில் இடி விழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், இந்நகரிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் தன் ஆய்வுச்சாலையில் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. டில்லி வட்டாரத்தில் விற்ற 17 வகைப் புட்டி நீரும் பம்பாய் வட்டாரத்தில் விற்ற 13 வகையும் சோதிக்கப்பட்டன. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய பூச்சிக்கொல்லிகள் அவற்றில் தென்பட்டன. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு எல்லாப் பூச்சிக்கொல்லியும் சேர்ந்து 0.5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. டில்லிப் புட்டிகளின் சராசரியோ அதனைப் போல் 36 மடங்கு. வயல் சூழ்ந்த புறநகர்ப் பகுதிகளில் ஆழ்குழாய் இறக்கி எடுத்த நீர். வயலில் தெளித்தது கீழே இறங்கியிருந்தது. ஆலைகள் எடுக்கும் மூல நீரைச் சோதித்தபோது அதே பூச்சிக்கொல்லிகள் அதிலும் இருந்தன.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். அப்புட்டிகளில் பெரும்பாலானவை ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவை. 2001 மார்ச் முதல் அம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. தர விதியிலும் பூச்சிக்கொல்லி மறக்கப்படவில்லை. 'கண்டறியும் அளவுக்குக் கீழே' இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படிக்கும்போது மிகக் கடுமையான விதியாகவே தோன்றும். ஆனால் கண்டறிவதற்கு விதிக்கப்பட்ட முறையோ, இவ்வளவு நுண்ணிய அளவைக் காணும் திறனற்றது. கண்ணில் திரை கட்டிக்கொண்டு 'ஒன்றும் தென்படவில்லை' என்று சான்றெழுதுவது போன்றது அது. விற்றவர் விதியை மீறவில்லை. விதியே அவ்வாறு அமைந்திருந்தது. அதிகம் கதிர்வீசாத சாடியைப் போலி என்று ஒதுக்கிய அமெரிக்க மருத்துவரின் நினைவு எனக்கு வருகிறது.

பலத்த கூக்குரல் எழுந்தது. கம்பெனியார் ஆய்வையே குறை கூறினர். எனினும் அவ்வாண்டு ஜூலையில் அரசு விதியைத் திருத்தியது. ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும், எல்லாம் சேர்ந்து 0.5க்கும் மேற்படலாகாது என்னும் ஐரோப்பிய அளவே 2004 ஜனவரி 1 முதல் நம் நாட்டுக்கும் விதியாயிற்று. ஒரு தனியார் மையம் தன் செலவில் முப்பது, நாற்பது புட்டிகளை வாங்கிச் சோதித்ததால் நாடு முழுவதற்கும் கிடைத்த பயன் இது. அப்போது யான் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிளாட்பாரத்தில் மறுநாளும் புட்டி விற்பனை குறையவில்லை. வேறு வழி இருந்தால்தானே குறையும்?

அதே ஆண்டில் இரயில்வேயும் தன் சொந்த நீரைத் தொடங்கிற்று. டில்லி நாங்லோயில் முதல் ஆலை. பின்னர்த் தானாப்பூர், நம் செங்கற்பட்டை அடுத்த பாலூர், அம்பர்நாத் என விரிந்தது. சொந்தத் துறையைப் புகழ்வதாக எண்ண வேண்டாம். அதிலும் முறைகேடு புகாமலில்லை. இராஜதானி, சதாப்தி வண்டிகளில் இந்நீரையே தர வேண்டியிருக்க, ஒப்பந்தக்காரர் சிலர் மலிவான வேறு நீரைத் தந்து வேறுபாட்டைத் தம் பையில் போட்டதாகக் குற்றஞ்சாட்டி, 2015 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் சோதனை நடத்தி, ஏறத்தாழ 20 கோடி ரூபாய் ரொக்கத்தைக் கைப்பற்றினர். தண்ணீரில் அவ்வளவு காசு!

அயல்நாட்டில் 2004இல் நடந்த ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்பேன். இலண்டனை அடுத்த சிட்கப்பில் குழாய் நீரைத் தூய்மை செய்து 'தசானி' என்று விற்றனர். சட்டப்படி சேர்த்த சுண்ணச் சத்தில் புரோமைடு இருந்தது. கிருமி கொல்லும் ஓசோன் அதனைப் புரோமேட்டாக மாற்றிவிட்டது. அதுவும் புற்றுநோய்க்கு இடந்தரும் பொருள் என ஐயுறப்படுவது. ஐந்து இலட்சம் புட்டிகள் திரும்பின. குழாயில் இருந்தவரை அந்நீரில் இக்குற்றம் இல்லை. பிரான்சிலோ, தொடாத நீர் என்று சட்டப்படி சொல்லி விற்ற ஊற்று நீரை, அதில் கழிவுக் கிருமி கலக்கவே, தடை செய்யப்பட்ட முறைகளால் தூய்மை செய்துவந்ததாக நெஸ்லே கம்பெனியார் 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் 20 இலட்சம் யூரோ தண்டம் கட்டினர். அவற்றுள் பெர்ரியேயும் ஒன்று.

இப்பொழுது கலத்தின் முறை. 2006இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், பிளாஸ்டிக் புட்டியினின்று ஆன்டிமணி என்னும் உலோகம் நீரில் இறங்குவதையும், நாட்பட அது கூடுவதையும் காட்டினர். அளவு விதிக்குட்பட்டதே, ஆனால் வெப்பம் மிக மிக விரைவில் இறங்கும். மே மாதத்து டில்லி வெயிலில் புட்டிக் கட்டுகளும் கேன்களும் திறந்த வண்டியில் கிடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2018இல் நியூயார்க் மாகாண ஆய்வாளர்கள் இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 புட்டிகளைச் சோதித்து, நூற்றுக்கு 93இல் பிளாஸ்டிக் துகள்கள் கண்டனர். 2024 ஜனவரியில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், இன்னும் நுண்ணிய துகள்களையும் எண்ணும் முறையால் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் என்றனர். அவை உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. பெரிய கேன்கள் சிலவற்றுக்குரிய பாலிகார்பனேட்டில் உள்ள பிஸ்பீனால்-ஏ என்னும் பொருளை, உணவுக் கலங்களில் பயன்படுத்தலாகாது என்று ஐரோப்பியர் 2024 டிசம்பரில் தடை செய்துவிட்டனர்.

நம் நாட்டு விதியும் அண்மையில் மாறியது. 2024 அக்டோபரில் புட்டி நீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்னும் விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் நீக்கினர். அடுத்த மாதமே, அதிக அபாயமுள்ள உணவு வகையில் அதனைச் சேர்த்து, ஆண்டுதோறும் ஆலைச் சோதனையும் வெளியார் தணிக்கையும் வேண்டும் என்றனர். ஆகவே இனிக் கேனில் முதலில் பார்க்க வேண்டியது ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், அடைத்த நாளும், ஆலையின் முகவரியும். இம்மூன்றும் இல்லாத கேன், வெறும் குழாயடியில் நிரப்பியதாகவும் இருக்கலாம். காய்ச்சிக் குடித்தால் போதும் என்பர் சிலர். காய்ச்சினால் கிருமி சாகும். 1955இல் அது பலரைக் காத்திருக்கும். ஆர்செனிக்கும் காரீயமும் காய்ச்சுவதால் போகா.

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் இதனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆண்டு விழாவுக்கும், வாரந்தோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்கும் ஒரே வியாபாரியிடம்தான் கேன்கள் வாங்கப்படுகின்றன. வகுப்பில் குழந்தைகள் பருகுவது அந்நீரே. அவரிடம் ஆலையின் கடைசி ஆய்வு அறிக்கையின் படியைக் கேட்பதென்றும், பூச்சிக்கொல்லிக்கும் கன உலோகங்களுக்கும் சோதித்திருக்கிறார்களா என்று பார்ப்பதென்றும் முடிவாயிற்று. வியாபாரி நல்லவர், பத்தாண்டுப் பழக்கம். 'பாபுஜி, இதுவரை ஒருவரும் கேட்டதில்லையே' என்று வியந்தாரே தவிரக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆலையில் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். இம்மலர் அச்சேறும் நாள் வரை அறிக்கை வந்து சேரவில்லை. வந்ததும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.